என் நோட்டில் இருந்த ‘அவ வேற’

துக்கத்துக்குக் காரணம் சொன்ன புத்தர் பாதம் பணிந்து, இதை வாசிக்கிற உபாசக உபாசிகைகள் எல்லாரையும் கும்பிட்டு எழுதுகிறேன். என் பெயர் செல்வராணி. தாராவியில் குடியிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன வருஷம் மழை தொடங்கின சமயம் எனக்கு இரண்டு வியாதி வந்தது. ஒன்று டிபி. அதை எக்ஸ்ரேயில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று எந்த எக்ஸ்ரேயிலும் தெரியவில்லை. அதனாலேதான் நான் சாவு வரைக்கும் போய் வந்தேன்.

எங்கள் வீட்டில் கீழே நானும் என் வீட்டுக்காரரும் மகளும். இரும்பு ஏணி ஏறினால் மேலே என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டி மல்லிகாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மல்லிகா இங்கேயே பிறந்து, இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பட்டறைக்குத் தோள்பை வார் தைத்துக் கொடுப்போம். ஒரே நேரத்தில் இருமல் பிடித்தது. ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் டிபி என்று ரிப்போர்ட் வந்தது. ஒரே மாத்திரை. ஒரே டாக்டர். மாசம் ஒரு தடவை ஒரே எடை மிஷினில் ஏறி நிற்போம்.

அந்த மிஷின்தான் என் முதல் எதிரி.

முதல் மாசம் மல்லிகா ஒரு கிலோ ஏறினாள். நான் அரை கிலோ இறங்கினேன். இரண்டாம் மாசம் அவள் இன்னும் ஒன்றரை ஏறினாள். நான் அப்படியே நின்றேன். அட்டையில் எழுதுகிற டிபி மேடம், “மல்லிகா, ஏக்தம் பெஸ்ட்!” என்று அவள் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, “ஆன்ட்டி, உங்களுக்கு சுகர் இருக்குல்ல, கொஞ்சம் டைம் எடுக்கும். கவலப்படாதீங்க” என்றார். எனக்கு ஆன்ட்டி, அவளுக்கு மல்லிகா. அன்றைக்கு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு வார் தைத்தேன். ஊசி விரலில் ஏறியது.

எங்கள் மாமனார் காலத்திலேயே இந்தக் குடும்பம் பௌத்த தீட்சை வாங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் நாலு சந்து தள்ளி இருக்கிற விகாரைக்குப் போவோம். அங்கே முக்கால்வாசிப் பேர் மராட்டிக்காரர்கள். மல்லிகா அவர்களோடு மராட்டியில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். எனக்கு வாய் திறந்தால் இந்தி பாதி, திருநெல்வேலி பாதியாக வரும். வந்தனை சொல்லும்போதும் அவள் குரல் மணி போல இருக்கும். வியாதி வந்த பிறகும் அந்தக் குரல் கெடவில்லை. என் குரல் மட்டும் ஓட்டைப் பானையாகிவிட்டது.

செம்பூரிலிருந்து வருகிற பிக்குவை நாங்கள் பந்தே என்போம். அவர் நோய்வாய்ப்பட்ட எல்லாருக்குமாக ஒரு பௌர்ணமியில் பரித்தம் என்கிற காப்பு மந்திரம் ஓதினார். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தர் முன்னால் ஒரு குடம் தண்ணீர் வைப்பார்கள். குடத்தின் கழுத்தில் வெள்ளை நூலைச் சுற்றி, ஒரு முனையைப் பந்தே பிடித்துக்கொள்வார். மறு முனை உட்கார்ந்திருக்கிற எல்லார் கை வழியாகவும் ஓடிப் போகும். ஓதி முடிந்ததும் அந்த நூலை வெட்டி ஆளுக்கொரு துண்டு மணிக்கட்டில் கட்டுவார். குடத்துத் தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடிப்போம்.

அன்றைக்கு மல்லிகாவை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். குடத்திலிருந்து மூன்றாவது ஆள் அவள். நான் செருப்புக் கிடக்கிற வாசல் பக்கம், நூலின் கடைசியில். எங்கள் சந்தில் காலையில் தண்ணீர் வரும்போது முதல் வீட்டில் பைப்பு பீய்ச்சி அடிக்கும். கடைசி வீட்டுக்கு வரும்போது நூல் மாதிரி சொட்டும். இந்த நூலும் அப்படித்தானே என்று எனக்குத் தோன்றிவிட்டது. எல்லாச் சக்தியையும் முன்னால் இருக்கிறவள் உறிஞ்சிக்கொண்டாள், எனக்கு வெறும் நூல்தான் வந்தது என்று நம்பினேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது சத்தியம்.

மூன்றாம் மாசம் அவள் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. என் சளியில் இருந்தது.

அடுத்த ஞாயிறு விகாரையில் அவளை எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். வெள்ளைச் சேலையில் நின்று, எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கிற மைத்ரி பாவனையைத் தினமும் செய்ததையும் மாத்திரையை ஒரு நாளும் விடாததையும் சொன்னாள். நல்லது, நல்லது என்று வாழ்த்துகிற மாதிரி எல்லாரும் “சாது, சாது, சாது” என்றார்கள். நானும் மூன்று தடவை சொன்னேன். மூன்றும் தொண்டையில் முள்ளாக இறங்கியது. விகாரையில் எல்லாரையும் கவனித்துக்கொள்கிற சுனந்தா தாயி என் பக்கம் திரும்பி, “தேகோ, கித்னி ஷ்ரத்தா ஹை உஸ்கி!” என்றார். எவ்வளவு பக்தி பார் என்று அர்த்தம். அப்படியென்றால் எனக்கு இல்லையா?

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். “நானும் அதேதாண்டி சொல்லுதேன். அவளவிட ரெண்டு தடவ கூடவே சொல்லுதேன்.”

“அம்மா, சித்தி மேல இவ்ளோ ஜலஸ் ஆகாதம்மா. பீபி ஏறும்” என்றாள் அவள், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அப்போது என் புத்தியில் ஒரு எண்ணம் வந்தது. மல்லிகா மாத்திரையும் தின்றாள், மந்திரமும் சொன்னாள். நான் மாத்திரை இல்லாமல் மந்திரத்தால் மட்டும் குணமானால்? அப்போது யாருடைய பக்தி பெரிது? யாரை எழுந்து நிற்கச் சொல்வார்கள்?

மறுநாளிலிருந்து மாத்திரையை விழுங்குவதை நிறுத்தினேன். யாராவது பார்த்தால் வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். பிறகு துடைத்து, அலமாரியில் இருந்த புத்தர் படத்துக்குப் பின்னால் போட்டுவிடுவேன். படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, என் நோட்டைத் திறந்து காலையும் மாலையும் வாசித்தேன். பந்தே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், புத்தர் வரம் தருகிற சாமி இல்லை, அவர் வைத்தியர் மாதிரி, மருந்தை நாம்தான் உட்கொள்ள வேண்டும் என்று. அதையும் நான்தான் கேட்டிருந்தேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலி மொழி வந்தனைப் புத்தகம் விகாரையில் மராட்டி எழுத்தில்தான் இருக்கும். எனக்கு வாசிக்க வராது. அதனால் காதில் கேட்டபடி தமிழில் எழுதி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தொடமாட்டார். மகள் இங்கிலீஷ் மீடியம், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் அதில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கும் புத்தருக்கும்தான் தெரியும்.

இரண்டு வாரம் ஆனது. ராத்திரிக் காய்ச்சல் திரும்பி வந்தது. வேர்வையில் தலையணை நனைந்தது. ‘கர்மம் கழிகிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம். மல்லிகா அலமாரியைத் துடைக்க மேலேயிருந்து இறங்கி வந்தாள். நான் படுத்திருந்தேன். எழுந்து தடுக்கலாம் என்றால் உடம்பில் தெம்பில்லை. அவள் புத்தர் படத்தை எடுத்தாள். பின்னாலிருந்து மாத்திரைகள் சரசரவென்று கொட்டின. சில உருண்டு, பாத்திரம் கழுவுகிற மோரிக்குள் விழுந்தன.

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மடியில் போட்டாள். பிறகுதான் கேட்டாள்.

“எக்கா, எத்தன நாளா?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

“ஒங்களத்தான் கேக்கேன். பிள்ளைய நெனச்சிப் பாத்தியளா? அண்ணன நெனச்சியளா?”

“ஒனக்கென்ன? நீதான் தேறிட்டியே. மகாராணி. ஒன்ன எந்திரிச்சி நிக்கச் சொல்லிக் கை தட்டுதாக. எனக்கு நூல் முனைகூட ஒழுங்காக் கெடைக்கல.”

“நூலா? என்ன நூலு?”

சொல்லிவிட்டேன். குடம், மூன்றாவது ஆள், செருப்புப் பக்கம், பைப்பு, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

“அட என் கிறுக்குபிடிச்ச அக்கா. கார்ப்பரேஷன் தண்ணியாக்கா அது?”

அதற்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன். இருமல் வந்தது. கையில் துண்டைப் பிடித்தேன். துண்டு சிவப்பாகிவிட்டது.

மல்லிகா முக்காட்டை இழுத்து வாயில் கட்டிக்கொண்டு என்னைத் தூக்கிப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் டாக்ஸி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் மல்லிகா மடியில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார். “மருந்தை இப்படி நடுவுல விட்டா கிருமி பலமாயிடும். அப்புறம் இந்த மருந்து கேக்காது. வேற மருந்து, ரொம்ப மாசம், ரொம்பக் கஷ்டம். சுகர் வேற. டெஸ்ட் அனுப்புறோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவள் கல்யாணத்தைப் பார்ப்பேனா என்பது அந்த டெஸ்டில் இருந்தது. அதை அங்கே வைத்தது நான். என் கையால்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை விழுங்குவதை ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கட்டளை. “நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் மல்லிகா. காலையில் தண்ணீர் பிடித்து முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“வாயத் தொறங்க.”

“முழுங்கிட்டேண்டி.”

“நாக்கத் தூக்குங்க. கன்னத்தக் காட்டுங்க. கள்ளி, ஒங்கள நம்ப முடியாது.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இவள் கையாலா நான் பிழைக்க வேண்டும்? இதுவும் அவள் கணக்கில்தானே போகும்? உண்மையைச் சொல்கிறேன், ரத்தம் கக்கின பிறகும் அந்தப் பொறாமை என்னை விடவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எனக்கு மூச்சு வாங்கியதால், “நான் வாசிக்கேன், நீங்க கூடவே சொல்லுங்க” என்று என் நோட்டை எடுத்தாள். தடுக்க நினைவு வரவில்லை. வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். திரும்பவும் வாசித்தாள். நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“எக்கா. ‘சப்பே சத்தா அவ வேற ஹோந்து.’ இது என்னது, அவ வேற?”

“பந்தே அப்படித்தான சொல்லுதாரு.”

“யாருக்கா அந்த அவ?”

நான் போர்வையை இழுத்து மூடப் பார்த்தேன். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது.

“நானா?”

ஆமாம். அவள்தான். எழுதும்போது காதில் விழுந்ததைத்தான் எழுதினேன். ஆனால் தினமும் அந்த இடம் வரும்போது எனக்கு மல்லிகா முகம்தான் வரும். சாமி முன்னால் உட்கார்ந்தாலும் நடுவில் இவள் வேறயா, இவளுக்கும் வேற கேட்க வேண்டுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அவேராக்கா, அவேரா! வேரம்னா பகை. அவேரான்னா பகை இல்லாம. எல்லா உயிரும் பகை இல்லாம இருக்கட்டும்னு அர்த்தம். நீங்க பகையில்லாமங்கிற எடத்துல என்னையப் போட்டு வச்சிருக்கிய!”

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து இருமி, இருமி அழுதேன். மாசக்கணக்காகப் பகை இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டுகிற அதே வார்த்தையில் என் பகையை வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

அவள் சிரிப்பு நின்றபோது கண் கலங்கியிருந்தது. அதற்கும் சிரிப்புதான் காரணம் என்று நினைத்தேன்.

“எக்கா, எனக்கும் ஒங்க மேல பொறாமதான்” என்றாள்.

“என்கிட்ட என்னட்டி இருக்கு?”

“நீங்க சீக்காக் கெடந்த நாள்லேருந்து அண்ணன் ஒங்க தட்டக் கழுவுதாரு. நான் மேலேருந்து பாக்கேன். ஒங்க துணியக்கூட அலசுதாரு. ஒங்க கொழுந்தன் எங்க இருக்காருன்னு ஒரு நாளாவது கேட்டியளா?”

குர்லாவில் பட்டறை வேலை அதிகம், அங்கேயே படுத்துக்கொள்கிறான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். நம்பினேன் என்ன, நினைத்தே பார்க்கவில்லை. வியாதி ஒட்டிவிடும் என்று பயந்து நாலு மாசமாக அவன் வீட்டுக்கே வரவில்லை. அவள் சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வரவில்லை.

“ஒத்தையா ஒக்காந்து தின்னு தின்னுதான்க்கா எட ஏறுச்சு. சாப்பாட்டத் தவிர மேல எனக்கு யாரு இருக்கா?”

எந்தக் கிலோவைப் பார்த்து நான் வயிறு எரிந்தேனோ, அது அவள் தனியாக உட்கார்ந்து தின்ற கிலோ. அவள் விகாரையில் நின்று பேசியபோது வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். பெருமை என்று நினைத்தேன். புருஷன் வருகிறானா என்று பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் செய்தோம். நான்தான் சொன்னேன். “இனிமே ஒனக்கு நீ கேக்காத. நான் ஒனக்குக் கேக்கேன். எனக்கு நீ கேளு.”

“மாத்திக்கிடுவோமா?”

“மாத்திக்கிடுவோம்.”

ரிசல்ட் வர இன்னும் பல நாள் இருந்தது. காலையும் மாலையும் இரண்டு பேரும் ஒரே விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தோம். முதல் இரண்டு நாள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ‘மல்லிகா சுகமாக இருக்கட்டும்’ என்று வாய் சொல்லும், மனசு சொல்லாது. மூன்றாம் நாள், அவள் மேலே தனியாகச் சோறு போட்டுக்கொள்கிற கரண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்போது வந்தது. உண்மையாக வந்தது. என் வியாதி கொஞ்ச நேரம் எனக்கு மறந்தே போனது. அன்றைக்கு மத்தியானம் வெகு நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். “ஏட்டி, தட்ட எடுத்துக்கிட்டுக் கீழ வா.” அதிலிருந்து அவள் மேலே தனியாகச் சாப்பிட்டதில்லை.

ரிசல்ட் வாங்க நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் மல்லிகா என் கையை நெரித்துவிட்டாள். அவள் நகம் பதிந்த தடம் சாயந்திரம் வரை இருந்தது.

“அதே மருந்து கேக்குது. அதிர்ஷ்டம் உங்களுக்கு. இனி ஒரு நாள் விடக்கூடாது.”

மல்லிகா அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே “சாது, சாது, சாது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் சொன்ன மூன்று சாதுவும் தொண்டையில் குத்தவில்லை.

கொழுந்தன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் குர்லாவுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். வரவில்லை. நான் விடாமல் அவளுக்காகக் கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணிப்பையோடு வாசலில் வந்து நின்றான். “அங்க தண்ணி சரியா வர மாட்டேங்கு மைனி” என்றான். தாராவிக்குத் தண்ணீர் தேடி வந்த முதல் ஆள் அவன்தான். மல்லிகா ஏணியில் வழிவிட்டாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் மேலே சண்டைச் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

புத்தர் படத்திலிருந்து எழுந்து வந்து என்னைக் குணமாக்கினார் என்று நான் சொல்லமாட்டேன். பந்தே கேட்டால் திட்டுவார். மருந்தைத் தின்றேன், குணமானேன். ஆனால் அந்த மருந்தை விழுங்கவிடாமல் என் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது ஒன்று இருந்ததே, அதை எடுத்தது எந்த மாத்திரை? தினமும் கும்பிட்ட படத்துக்குப் பின்னாலிருந்தே என் திருட்டு வெளியே வந்தது. நான் தப்பாக எழுதி வைத்த வார்த்தையே என்னைப் பிடித்துக் கொடுத்தது. என் பிரார்த்தனைக்கு இப்படித்தான் பதில் வந்தது. வெள்ளை நூல் அழுக்காகி இற்றுவிட்டது. ஆனால் அது என்ன நூல் என்று இப்போது தெரிகிறது. அதில் முதல் முனை, கடைசி முனை கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளும் அதையே பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மருந்து முடிகிற அன்றைக்குக் கடைசியாக எடை பார்த்தார்கள். நான் ஆறு கிலோ ஏறியிருந்தேன். டிபி மேடம், “செல்வராணி, ஏக்தம் பெஸ்ட்!” என்று முதுகில் தட்டினார். எனக்கு வானத்தில் பறப்பது போல இருந்தது. துணைக்கு வந்த மல்லிகா, “சும்மா நானும் பாக்கேன்” என்று மிஷினில் ஏறினாள். என்னைவிட ஒரு கிலோ கூட.

சட்டென்று அந்தப் பழைய முள் குத்தியது. மறைக்க மாட்டேன். ஆனால் குத்தின உடனே என் வாய் தானாகச் சொல்லியது. “சப்பே சத்தா அவ வேற ஹோந்து.”

மல்லிகா மிஷினில் நின்றபடியே சிரித்தாள். டிபி மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

சுனந்தா தாயி இதை விகாரையின் மாதத் தாளுக்குத் தமிழ்க் குடும்பங்கள் வாசிக்க எழுதித் தரச் சொன்னார். எழுதினதை மல்லிகா பிழை திருத்தினாள். என் பழைய நோட்டில் மட்டும் அந்த ஒரு வரியைத் திருத்தவிடவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இப்போது அந்த இடம் வரும்போது அவளுக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு அர்த்தமாகிறது.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது நோயோடு படுத்திருந்தால், மருந்தை விடாதீர்கள். காலையில் விளக்கேற்றி உட்காருங்கள். யாரை நினைத்தால் வயிறு எரிகிறதோ, அந்தப் பெயரை எடுத்து ‘சுகமாக இருக்கட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் வராது. எனக்கும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் மேலே யாரோ ஒருத்தி தனியாகச் சோறு போட்டுக்கொண்டிருக்கலாம். எனக்கு வந்த சுகம் உங்களுக்கும் வரட்டும். அவளுக்கும் வரட்டும்.